மடுவத்துத் தராசிலிருந்து தொடங்கிய பயிற்சி: ஒரு தேயிலைத் தோட்டத்தின் சமத்துவப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட ஒரு மேட்டுநிலத் தேயிலைத் தோட்டம். மூன்று டிவிஷன், ஒரு தொழிற்சாலை, டிவிஷனுக்கு ஒரு பிள்ளைக் காம்பரா (தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). கொழுந்து எடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், அவர்களை மேற்பார்க்கும் கங்காணிமார் எல்லோரும் ஆண்கள். வெளிக்கள உத்தியோகத்தரிலும் தொழிற்சாலை உத்தியோகத்தரிலும் சிங்களவரும் தமிழரும் கலந்திருக்கிறார்கள். இது ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் கதையல்ல. பல தோட்டங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஓரிடத்தில் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. ஆட்கணக்கும் நாட்கணக்கும் வேலையின் அளவு விளங்குவதற்காகத் தரப்பட்டவை.

முறைப்பாடு

மத்தியான நிறுவைக்கு வந்த கீழ்க்கணக்குப் (கீழ் டிவிஷன்) பெண்கள் ஒருநாள் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கொழுந்தை இறக்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் வாயால் சொன்னவை மூன்று. சாக்குக்கும் ஈரத்துக்குமென்று எடையில் கழிக்கும் ‘கழிவு’ மேற்கணக்குக்கு ஒரு கிலோ வெட்டும்போது தங்களுக்கு இரண்டு கிலோ வெட்டுகிறார்கள் என்பது முதலாவது. கங்காணி வயது பார்க்காமல் ‘ஏய்’, ‘குட்டி’ என்று கூப்பிடுகிறார் என்பது இரண்டாவது. சம்பளத் துண்டு ஆங்கிலத்தில் இருப்பதால் எத்தனை அரைப்பேர் (கிலோ குறைந்தால் போடும் அரைநாட் சம்பளம்) விழுந்தது என்று தங்களுக்கே தெரிவதில்லை என்பது மூன்றாவது.

துரையின் (தோட்ட முகாமையாளரின்) மேசைக்குப் போன கடிதத்தில் இருந்தது முதலாவது மட்டும். கடிதத்தை எழுதியவர் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர், ஓர் ஆண். கழிவு என்பது கிலோக் கணக்கு, சங்கம் பேசிப் பழகிய விஷயம். கூப்பிடும் விதத்தை அவர் ஒரு முறைப்பாடாகவே எண்ணவில்லை. துண்டின் மொழியோ என்றைக்கும் அப்படித்தானே இருந்தது என்று விட்டுவிட்டார். கீழே மூன்றாக இருப்பது மேலே போகும்போது ஒன்றாகிவிடும். சமத்துவப் பயிற்சியை வடிவமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது. அலுவலகக் கோப்பில் இருக்கும் முறைப்பாட்டை மட்டும் பார்த்துப் பாடத்திட்டம் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தொலைந்துபோகும்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு வேறோர் அவசரமும் இருந்தது. தோட்டங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் திட்டமுடைய ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் 2020ஆம் ஆண்டுத் தரநிலை, பாகுபாடு, தொழிலிடத் துன்புறுத்தல் போன்றவற்றை ஒரு குழு அமைத்து முன்கூட்டியே இனங்கண்டு தீர்க்க வேண்டும் என்று கேட்கிறது. கணக்காய்வு வருமுன் ‘பயிற்சி நடந்தது’ என்று காட்ட ஒரு கையொப்பத் தாள் தேவைப்பட்டது.

முதற்பயிற்சி ஏன் வீணானது

அரைநாள் செயலமர்வு. சின்னத்துரை (உதவி முகாமையாளர்) முதல் கங்காணி வரை 42 பேர் ஒரே மண்டபத்தில். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் திரைக்காட்சி. தமிழுக்குப் பெரிய கிளாக்கர் (தலைமை எழுதுநர்) நடுநடுவே சுருக்கிச் சொன்னார். கடைசியில் பத்துக் கேள்விகள் கொண்ட தாள். ‘ஆண்களும் பெண்களும் சமமா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘ஆம்’ என்று குறியிட்டார்கள். அடுத்த நாள் மடுவத்தில் இரண்டு கிலோ வெட்டப்பட்டது.

துரை முன்வரிசையில் இருக்கும்போது கங்காணி வாய் திறக்கமாட்டார். மொழிபெயர்த்தவரே செக்ரோலை (வேலைநாளும் சம்பளமும் பதியும் ஏட்டை) வைத்திருப்பவர், அதாவது முறைப்பாட்டில் ஒரு தரப்பு. பேசப்பட்டதோ மனப்பான்மை, ஆழ்மனச் சாய்வு, உலக நாடுகளின் உதாரணம். கழிவு எவ்வளவு, அதை யார் தீர்மானிக்கிறார், எதில் எழுதுகிறார் என்ற பேச்சே எழவில்லை. தோட்டத்தில் பாகுபாடு நடப்பதற்கென்று சில இடங்கள் உண்டு: காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும் பத்து நிமிடம், மடுவத்தில் மூன்று நிறுவைகள், செக்ரோலில் பேர் போடும் நேரம், முற்பணம் கேட்டு அலுவலக ஜன்னலில் நிற்கும் நேரம். பயிற்சி அங்கே போகாவிட்டால் அது தேநீரும் வடையுமாக முடிந்துபோகும். இம்முறையும் அப்படித்தான் முடிந்தது. வடை மட்டும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

பயிற்சிக்கு முந்திய மூன்று வாரம்

இரண்டாவது முயற்சியில் வளவாளர் (பயிற்றுநர்) இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரில் ஒருவராவது தமிழும் சிங்களமும் சரளமாகப் பேச வேண்டும் என்பது நிபந்தனை. மண்டபத்தை ஒழுங்கு செய்யுமுன் அவர்கள் நான்கு ஏடுகளைக் கேட்டார்கள்: நான்கு வாரச் செக்ரோல், நிறுவைப் புத்தகம், அன்றாட வேலைப்பிரிப்புக் குறிப்பு, முற்பணப் பதிவு.

கங்காணிவாரியாக அரைப்பேரை எண்ணினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அது தவறான கணக்கைத் தரும். ஒரு மலை (தேயிலை நிலத்துண்டு) கவ்வாத்துக்குப் பின், அதாவது செடிகளை வெட்டிவிட்ட பின், எத்தனை மாதம் ஆனது, கடைசியாக எடுத்து எத்தனை நாள் ஆனது, பழைய விதைத் தேயிலையா, துண்டு நட்டு வளர்த்த, விளைச்சல் கூடிய வீபீ தேயிலையா என்பதைப் பொறுத்து ஒரே கைக்கு வரும் கிலோ மாறும். ஆகவே ஒரே நாளில், ஒரே வகை மலையில் நின்றவர்களைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது கதை திசைமாறியது. தராசில் போன ஒரு கிலோவைவிட, மலை பிரிப்பில் போனது அதிகம். கீழ்க்கணக்குக் கூட்டத்துக்கு விதைத் தேயிலை மலை அடிக்கடி விழுந்திருந்தது. வீபீ மலைகள் மேற்கணக்குக்குப் போயிருந்தன. வரையறுத்த கிலோ இரு கூட்டத்துக்கும் ஒன்றே. எனவே அரைப்பேர் கீழ்க்கணக்கில் குவிந்தது.

இதை எவரும் பகைமையால் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் போகும் பாதையோரம் வீபீ மலைகள் இருந்தன. மேற்கணக்குக் கங்காணி காலையில் சத்தமாகப் பேசுபவர். வெளிக்கள உத்தியோகத்தர் தகராறைத் தவிர்த்தார். பாகுபாடு என்றால் யாரோ ஒருவருடைய வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு தேடுபவருக்கு இது கண்ணில் படாது.

முற்பணப் பதிவில் வேறொன்று கிடந்தது. தீபாவளி முற்பணம் எல்லோருக்கும் ஒரே திகதியில் வழங்கப்பட்டது. கிறிஸ்தவத் தொழிலாளர் சிலர் அதை நத்தாருக்கு முன் தரும்படி கேட்டு, மறுக்கப்பட்டு, பின் அட்டிக்கடையில் நகையை அடகு வைத்திருந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு சதமும் செலவில்லாத திருத்தம் இது. விருப்பத் திகதியை எழுத ஒரு நிரல் சேர்த்தால் போதும்.

ஏடுகளுக்குப் பிறகுதான் ஆட்களைக் கேட்டார்கள். ஆறு முதல் எட்டுப் பெண்கள் கொண்ட சிறு கூட்டங்கள், பிள்ளைக் காம்பராவில், வேலை நேரத்துக்குள், முழுப்பேர் (முழுநாட் சம்பளம்) போட்டு. இந்தக் கடைசி நிபந்தனையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக்கூடாது. நாலரைக்குப் பின் கூட்டம் வைத்தால் தண்ணீர், விறகு, சமையல் என்று பெண்கள் ஓடிவிடுவார்கள், வருவது தலைவர்மாரும் இளைஞர்களும்தான். அரைப்பேரோடு கூப்பிட்டாலோ, பாகுபாடு பற்றிப் பேச வந்ததற்கே சம்பளம் குறையும்.

சாதியைப் பற்றி எவரையும் நேராகக் கேட்கவில்லை. லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) அந்தக் கேள்வி காற்றைவிட வேகமாகப் போகும், கேட்டவர் போன பின்னும் நிற்கும். வேலைப்பட்டியலே போதுமான பதிலைத் தரும். லயங்களைக் கூட்டும் வாசற்கூட்டி வேலையும் மலசலகூடத் துப்புரவும் எத்தனை வருடமாக எந்தக் குடும்பங்களிடமே இருக்கின்றன, அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவராவது கங்காணியாக, தொழிற்சாலை மெஷின்காரராக, பிள்ளைக் காம்பரா உதவியாளராக எடுக்கப்பட்டாரா என்று பார்த்தார்கள். அந்த நிரலில் ஒருவர்கூட இல்லை.

நான்கு அமர்வுகள்

குழுக்கள் மூன்று: முகாமையாளரும் சின்னத்துரைமாரும் ஒன்று, வெளிக்கள, தொழிற்சாலை, அலுவலக உத்தியோகத்தர் ஒன்று, கங்காணிமார் ஒன்று. ஓர் அமர்வில் 12 பேருக்கு மேல் இல்லை. ஒன்பது கங்காணிமாரையும் ஒரே நாளில் மலையிலிருந்து இறக்கினால் வேலை நின்றுவிடும் என்பதால் ஐந்தும் நான்குமாகப் பிரித்தார்கள். ஓர் அமர்வு 90 நிமிடம், வாரத்துக்கு ஒன்று. சம்பளத்துக்கு முந்திய மூன்று நாள் வேண்டாம், அலுவலகம் முழுக்கக் கணக்கில் மூழ்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும்போது தொடங்கவே கூடாது. மேற்குப் பக்க மேட்டுநிலத்தில் ஜூலை, ஆகஸ்ட் மழை மாதங்கள் வகுப்புக்குத் தோதானவை. ஆனால் மழைக் கழிவைப் பற்றிய சண்டையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அது ஒருவகையில் நல்லதே, பாடப்பொருள் வாசலிலேயே கிடைக்கும்.

முதல் அமர்வு மடுவத்தில். கதிரை இல்லை, திரை இல்லை. ஒரு தராசு, காய்ந்த சாக்கு ஒன்று, நனைந்த சாக்கு ஒன்று, அன்று காலை எடுத்த ஈரக் கொழுந்து. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் அதே சாக்கை நிறுத்து, தனக்குச் சரியென்று தோன்றும் கழிவைத் துண்டுத்தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாத் தாளையும் பலகையில் ஒட்டுவார்கள். ஒரே சாக்குக்கு எழுதப்பட்ட கழிவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதைப் பார்த்ததும் மடுவம் சற்று நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியை வளவாளர் அவசரப்பட்டுக் கலைக்கக்கூடாது.

அதன்பின் அளவு முறை. வெறுஞ்சாக்கை நிறுத்து அதன் எடையைத் தனியாக எழுதுவது. ஈரத்துக்கு, சாக்கின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கிலோ கொழுந்தை எடுத்து, வலையில் பரப்பி, உலர்ந்த துணியால் ஒற்றி மேல்நீர் போனதும் மீண்டும் நிறுப்பது. 1,000 கிராம் 920 ஆனால் அந்த நிறுவைக்குக் கழிவு நூற்றுக்கு 8. இதை ஒவ்வொரு கூடைக்கும் செய்ய நேரமில்லை. மலைக்கு ஒரு மாதிரி போதும். முடிவைப் பலகையில் நேரத்தோடு எழுதி, எழுதியவரும் கொழுந்தெடுப்பவர் சார்பில் ஒருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒருவர் வாரம்தோறும் மாற வேண்டும். மாறாவிட்டால் இரண்டே மாதத்தில் அவர் ‘துரையின் ஆள்’ ஆகிவிடுவார், பொய்யாகவேனும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் அமர்வு கூப்பிடும் சொல்லைப் பற்றியது. தோட்டத்துக்கு வரும் சிங்கள உத்தியோகத்தர் பலர் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் அந்தத் தமிழைக் கங்காணியின் வாயிலிருந்துதான் கற்கிறார்கள். அதனால் அவர்களுக்குத் தெரிந்த வினைச்சொற்கள் ‘வா, போ, எடு, இறக்கு’ மட்டுமே. மரியாதைப் பன்மை என்று ஒன்று தமிழில் இருப்பதே சிலருக்குப் புதிய செய்தி. அவர்களைக் குற்றவாளியாக நிறுத்துவதைவிட, ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘கூடையை இறக்கி வைங்க’, ‘உங்க பேரு என்ன’ என்பது போன்ற இருபது வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் ஓர் அட்டையில் தருவது பயன்படும். சட்டைப் பையில் அடங்கும் அளவு அட்டை, மழைக்குத் தாங்கும்படி பிளாஸ்டிக் உறையோடு.

மறுபக்கமும் உண்டு. சிங்கள உத்தியோகத்தர் தங்களை ‘வரென்’ (வாடா), ‘பலயன்’ (போடா) என்று விரட்டுவதைக் கேட்டுப் பழகிய கங்காணிமாரே, அதே தோரணையைப் பெண்களிடம் தமிழில் காட்டுகிறார்கள். ‘என்ன’, ‘யன்ன’ என்ற மரியாதை வடிவங்களை உத்தியோகத்தர் பயன்படுத்தச் சொல்லும்போது எப்போதும் ஒரு சிரிப்பு எழும். சிங்களத்தில் ‘வாருங்கள்’ என்று அர்த்தப்படும் ‘என்ன’ தமிழ்க் காதுக்குக் கேள்வியாகத்தான் விழும். சிரிக்க விடலாம். இந்த அமர்வில் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மலையகத் தமிழரை இழிவாகக் குறிக்கும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை உத்தியோகத்தர் குழுவில் வளவாளரே எடுக்க வேண்டும், எவரும் தாமாக எடுக்கமாட்டார்கள். சிங்களவர் மட்டும் சொல்வதல்ல அது, பட்டணத்துத் தமிழரும் வடக்குத் தமிழரும் சொல்வார்கள். அச்சொல் வெறும் ஏச்சல்ல என்பதை விளக்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை கணிசமானோருக்குப் பிரஜாவுரிமை இல்லை. இதற்கு 15 நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் அமர்வு வரலாற்றுச் சொற்பொழிவாகி, கேட்பவர் மடுவத்தை மறந்துவிடுவார்.

மூன்றாம் அமர்வு: சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இங்கே பெரும்பாலான பயிற்சிகள் தவறான தகவல் தருகின்றன. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது நிறைவேற்று அல்லது நிருவாக நடவடிக்கைக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் கம்பனியின் கங்காணி அரைப்பேர் போட்டதை நேரே அங்கே கொண்டுபோக வழியில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனதன் பின் இந்த இடைவெளியின் கனம் கூடியது. இலங்கை சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை 1993இலும் 111ஆம் இலக்கத்தை 1998இலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இருந்தும் தனியார் தொழிலில் எல்லாவகைப் பாகுபாட்டையும் ஒருங்கே தடுக்கும் தனிச்சட்டம் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘சட்டம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி அனுப்பினால், முதல் வழக்கிலேயே நம்பிக்கை உடையும்.

கையில் பிடிக்கக்கூடிய சட்டங்கள் துண்டு துண்டாக இருக்கின்றன. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும் விதிக்கிறது. அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத அணுகுமுறையும் அதில் அடங்கும். கங்காணியும் அதிகாரத்தில் உள்ளவரே என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ‘தொடவில்லையே, வாயால்தானே சொன்னேன்’ என்பது அங்கே எடுபடாது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது. மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறையைக் குறைத்த பழைய ஏற்பாடு 2018இல் நீங்கியது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். பாலூட்டும் தாய்க்கு நாளில் இரு இடைவேளை, பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கி ஏறவே அரை மணி போகும் டிவிஷனில் அந்த இடைவேளைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியைக் குழுவிடம் விட்டுவிடுவது நல்லது. தீர்வும் அங்கிருந்தே வரும்: பாலூட்டும் தாய்மாருக்குக் காம்பராவுக்கு அருகான மலை.

சாதிக்கு 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டபூர்வமான தொழிலொன்றில் ஈடுபடுவதைச் சாதியின் பேரால் தடுப்பதும் அதில் குற்றம். மலையகத்தில் இச்சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவரே குறைவு.

‘சம்பளம் சமமாகத்தானே இருக்கிறது’ என்ற வாதம் இந்த அமர்வில் வராமல் போகாது. 1984 வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதிலும் குறைவாக இருந்தது, அந்த ஆண்டுதான் சமமானது. நாட்சம்பளம் சமம் என்பது சரி. நாள் சமமா? கவ்வாத்துக்காரருக்கு இத்தனை செடி என்று கணக்கு. முடித்தால் மத்தியானம் ஒன்று, இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போகலாம், முழுப்பேர். கொழுந்தெடுப்பவர் நாலரை வரை நிற்க வேண்டும், கிலோ குறைந்தால் அரைப்பேர். பலகையில் ஒரு கோடு போட்டு இருவரின் நாளையும் மணிக்கணக்கில் நிரப்பச் சொன்னால் வாதம் தானே அடங்கும். ஆனால் கவ்வாத்து இலேசான வேலை என்று வளவாளர் தவறியும் சொல்லக்கூடாது, ஆண்கள் குழு முழுவதும் கையைவிட்டுப் போய்விடும்.

நான்காம் அமர்வு முறைப்பாடு வந்தால் முதல் 24 மணி நேரம் என்ன செய்வது என்பது. ஐந்து பேர் குழு, மூவராவது பெண்கள், ஒருவர் தோட்டத்துக்கு வெளியேயிருந்து. முறைப்பாடு செய்தவர் தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதி, வாசித்துக்காட்டி, பிறகு கையெழுத்து. அவரை வேறு கூட்டத்துக்கு மாற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் முதல் தவறு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் லயத்தில் அது தண்டனையாகத்தான் பார்க்கப்படும். மாற்ற வேண்டுமானால் முறைப்பாட்டுக்கு உள்ளானவரை மாற்றுங்கள், சம்பளக் குறைவில்லாமல், விசாரணை முடியும்வரை. கோயில் முன்றலில் வைத்துச் ‘சமாதானம்’ பேசுவது இரண்டாவது தவறு. குற்றமாகக்கூடிய விஷயத்தில் பொலிஸுக்குப் போகும் உரிமையை யாரும் பேரம் பேச முடியாது. பெண்கள் உதவிக்கு 1938, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கங்கள் மடுவத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டினால், அந்தப் பக்கம் மாதம் ஒருமுறைகூடப் போகாதவர்களுக்கு அது எட்டாது.

எங்கெங்கே பிசகியது

கங்காணிமார் முதல் அமர்விலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரணம் நியாயமானது. கங்காணியும் தொழிலாளிதான். மாலையில் கிலோ குறைந்தால் உத்தியோகத்தரிடம் ஏச்சு வாங்குபவர் அவர். கழிவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய சொந்த விருப்பமென்று பேசியதில் அவருக்கு ஆத்திரம். அடுத்த சுற்றில் வரிசையை மாற்றினார்கள்: முகாமையாளர் குழு முதலில், கங்காணிமார் கடைசியில். கங்காணிமார் வந்தமரும்போது, கிலோ குறைந்ததற்காக மட்டும் கங்காணியை ஏசக்கூடாது என்ற முகாமையாளரின் எழுத்து ஏற்கெனவே பலகையில் இருந்தது. பேச்சு உடனே மாறியது.

மொழி இன்னொரு சறுக்கல். ‘பால்நிலைச் சமத்துவம்’, ‘பன்முகத்தன்மை’, ‘உள்ளடக்கம்’ என்ற சொற்கள் மண்டபத்தின் மேலாகவே பறந்துபோயின. ‘ஆம்பளைக்கு ஒரு கணக்கு, பொம்பளைக்கு ஒரு கணக்கு’ என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. கையேட்டைக் கொழும்பில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால், அச்சடிக்குமுன் ஒரு கொழுந்தெடுப்பவரும் ஒரு கங்காணியும் வாசித்துப் பார்க்க வேண்டும். விளங்காத சொல்லின் கீழ் அவர்கள் கோடு போடட்டும்.

நடித்துக்காட்டும் பயிற்சி ஒன்றில் ‘வாசற்கூட்டி’ பாத்திரத்துக்கு, உண்மையிலேயே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞனையே குழு தள்ளிவிட்டது. வளவாளர் சுதாரிப்பதற்குள் சிரிப்பு எழுந்துவிட்டது. அன்று செய்த சேதத்தை மீதி அமர்வுகளால் சரிக்கட்ட முடியவில்லை. சாதி, பாலியல் தொந்தரவு இரண்டிலும் நடிப்பு வேண்டவே வேண்டாம். எழுதிய நிகழ்வை வாசித்து, ‘இதில் யார், எப்போது, என்ன செய்திருக்கலாம்’ என்று கேட்பதோடு நிற்கலாம்.

முறைப்பாட்டுப் பெட்டியும் தோற்றது. அலுவலக வாசலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் தொங்கியது. யார் துண்டு போட்டார் என்பது மாலைக்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிடும். எழுத வராதவருக்கு அது வெறும் மரப்பெட்டி. அதற்குப் பதிலாக, பிள்ளைக் காம்பரா உத்தியோகத்தர், மருத்துவ உத்தியோகத்தர், வெளியாள் ஒருவரின் தொலைபேசி என மூன்று வாசல் திறந்தார்கள். தாய்மார் காம்பராவுக்குத் தினமும் போவதால் அங்கே போனதை எவரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

தலைவர்மாரை ஆரம்பத்தில் ஒதுக்கியதும் பிழைதான். சங்கத்தை உடைக்கும் வேலை என்று ஒரு வாரத்துக்குள் பேச்சுக் கிளம்பியது. எல்லாச் சங்கத் தலைவர்மாரையும் மாதர் சங்கத் தலைவிகளையும் ஒன்றாக அழைத்து, ஏடுகளில் கண்டதைப் பெயரில்லாமல் காட்டிய பிறகுதான் அது தணிந்தது. ஒரு சங்கத்துக்கு மட்டும் முதலில் காட்டியிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும்.

மாறியதும் மாறாததும்

விரைவில் மாறியவை காகிதத்தோடு சேர்ந்தவை. கழிவுப் பலகை, தமிழில் சம்பளத் துண்டு, முற்பணத் திகதி நிரல், சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்காமல் வேலை செய்தவரின் கையெழுத்துக்கே கொடுப்பது. இவற்றுக்கு ஒரு சம்பளச் சுற்று போதும். மலை பிரிப்பை, முந்திய இரு வாரத்தில் யாருக்கு எந்த வகை மலை விழுந்தது என்ற ஒரு தாளை வெளிக்கள உத்தியோகத்தர் பெரட்டுக்களத்துக்குக் கையோடு கொண்டுவருவதன் மூலம் ஒழுங்குபடுத்தினார்கள்.

கூப்பிடும் விதம் மெதுவாக மாறியது, அதுவும் சீராக அல்ல. உத்தியோகத்தர் முன்னிலையில் ‘வாங்க’, மலையில் மீண்டும் ‘ஏய்’. பெண் கங்காணிமார் இருவர் நியமிக்கப்பட்ட கூட்டங்களில் வேறுபாடு தெரிந்தது. ஆனால் அவர்களுக்குக் கிலோ கணக்கும் செக்ரோலும் தனியாக நான்கு வாரம் பழக்கியிருக்க வேண்டும். பழக்காமல் நிறுத்தியதால் ‘பொம்பளையால் முடியாது’ என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்குத் தீனி கிடைத்தது.

வாசற்கூட்டி வேலை அசையவே இல்லை. பயிற்சியால் அது அசையாது. கையுறை, காலணி, நீண்ட பிடியுள்ள தூரிகை, மேலதிகக் கொடுப்பனவு ஆகியவற்றோடு அந்த வேலையைத் திறந்த விண்ணப்பமாக அறிவிக்க வேண்டும். அதே நேரத்தில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலைகளுக்கு விண்ணப்பிக்க வழி திறக்க வேண்டும். இது கம்பனியின் செலவுத் தீர்மானம், வளவாளரின் பலகையில் எழுதித் தீராது. பயிற்சி அறிக்கையில் இதைத் தனிப்பக்கமாக, தேவையான பொருள்களின் பட்டியலோடு எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் அதே நான்கு ஏடுகளும் மறுபடி எடுக்கப்பட்டன. இரண்டாம் பார்வைக்குக் குறித்த காலம் ஏப்ரல் கடைசி. கொழுந்து குவிந்து, லொறி காத்து நிற்க, மாதிரிக் கொழுந்தைத் துணியால் ஒற்ற நேரமில்லை என்று பலகை முதலில் வெறுமையாவது அந்த வாரத்தில்தான்.